பாரம் ஏறியதும் ஓடிய கால்கள்

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் என்று நினைக்கிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள், தகரக் கூரை போட்ட ஜிம் ஒன்றில் நடந்தது இது.

அதற்கு முன் திருப்பூர் சாயப்பட்டறை, ஓசூர்ப் பக்கம் செங்கல் சூளை, கொஞ்ச நாள் லாரி கிளீனர் என்று சுற்றிவிட்டு, சேதராப்பட்டில் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனியில் லோடுமேனாகச் சேர்ந்திருந்தேன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஊர் ஊராகப் போய் வேலை கேட்கும்போது காட்டுவதற்கு என்னிடம் இருந்தது முதுகு ஒன்றுதான். ஐம்பது கிலோ மூட்டையை ஒரு நாளைக்கு நூறு தடவை சுமக்கும் முதுகு. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரூமில் சும்மா இருக்க முடியாமல் அந்த ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே, தோளில் இரும்பு ராடை வைத்து உட்கார்ந்து எழுகிற இடத்துக்குப் போய், "மூட்ட தூக்குற ஆளு நான்" என்று எண்பது கிலோ போடச் சொன்னேன். அப்போதுதான் பயிற்சி முடித்து முகம் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "அண்ணே, மொதல்ல வெறும் ராட எடுத்துப் பாருங்க" என்றாள். என் வயதோ, ஒன்றிரண்டு குறைவாகவோ இருக்கும். என் தோள் உயரம்தான் இருந்தாள். நான் சிரித்துக்கொண்டே ராடுக்கு அடியில் புகுந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. குனிந்து பிடரியைக் கொடுப்போம்; மூட்டை விழுந்த நொடியே கால் ஓட்டம் பிடிக்கும். நின்றால்தான் பாரம் தெரியும், ஓடினால் தெரியாது. அன்றைக்கும் அதேதான் நடந்தது. குனிந்தேன், பிடரியில் ராடு உட்கார்ந்தது, என் கால்கள் யாரையும் கேட்காமல் வாசலைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டன.

"டேய், நில்லுடா!" என்று நாலு பேர் கத்தினார்கள். நான்காவது எட்டில் ராடு ஒரு பக்கம் சாய்ந்தது. ராடின் இரு முனையிலும் மாட்டிய எடைத் தட்டுகள் கழன்றுவிடாமல் பூட்டு போடக் கூட நான் விடவில்லை. வலது பக்கத் தட்டுகள் சரிந்து விழ, இடது பக்கம் பாரம் கீழே இழுக்க, ராடு சுழன்று என் காதை ஒட்டிப் போய்த் தரையில் மோதியது. இரண்டு விரல்கடை உள்ளே தள்ளி வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஒரு தட்டு மட்டும் நிற்காமல் உருண்டு, படி தாண்டி, சந்துக்குள் போய்விட்டது. வெளியே 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் வாசலில் ஒரு மீன்கார அம்மா நின்றார்.

"எவன்டா அவன்? என் வவ்வா மீன் மேல இரும்ப உருட்டி வுட்டவன்?"

ஜிம்மே சிரித்தது. அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணே, லாரி வெளிய நிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கதவ நல்லாத் தொறந்து வெச்சிருப்போமில்ல" என்றாள். மீன்கார அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்படியே நடையைக் கட்டினேன். இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று இருந்தேன்.

பத்து நாள் கூட ஆகவில்லை. கம்பெனியில், தவறி விழுந்த ஒரு மூட்டையை எடுக்கக் காலை விறைப்பாக வைத்துக் குனிந்து ஒரே இழுப்பாக இழுத்தேன். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. மேஸ்திரி பார்த்துவிட்டு, "நிமிர்ந்ததும் வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. நிமிராத லோடுமேனை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார்?

ஐந்து நாள் பாயில் கிடந்தேன். பக்கத்து ரூம்காரர் இட்லி வாங்கி வந்து கொடுத்தார். பசியை நான் முன்பே பார்த்திருக்கிறேன், அது பெரிதில்லை. இந்த முதுகு திரும்பி வராவிட்டால் எந்த ஊரில் போய் என்ன வேலை கேட்பது என்பதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

ஆறாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பில் ஒன்றும் இல்லை, தசைப் பிடிப்புதான், இனிமேல் பார்த்துத் தூக்கு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். வெளியே வரும்போது ஒரு வார்டு வாசல் வழியே உள்ளே அதே ஜிம் பெண்ணைப் பார்த்தேன். வார்டு உதவியாளர் உடுப்பில் இருந்தாள். அவளும் இன்னொரு பெண்ணும் ஒரு பெருத்த மனிதரைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். காலை அகட்டி வைத்தாள். முட்டியை மடக்கி இறங்கினாள். முதுகு பலகை மாதிரி இருந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள். அந்த மனிதர் பூ மாதிரி இடம் மாறினார். வலிக்கிறது என்று கூட அவர் சொல்லவில்லை.

என்னைப் பார்த்ததும், "இன்னாண்ணே, கூன் போட்டு நிக்கிறீங்க?" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். "எப்படிம்மா அவர அவ்ளோ சுளுவாத் தூக்குன?" என்று கேட்டேன்.

"மூட்ட உழுந்தா கோணி ஊசியால தச்சுக்கலாம். இவரு உழுந்தா நான் எத வெச்சுண்ணே தைக்கிறது?" என்றாள். "வலி போனதும் ஜிம்முக்கு வாங்க. எடை எதுவும் தர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சொன்னபடியே செய்தாள். கொடுத்தது ஒரு துடைப்பக் கழி. அதை முதுகோடு நிறுத்திப் பிடிக்க வேண்டும். பின்மண்டை, நடுமுதுகு, இடுப்பு மூன்றிலும் அது ஒட்டியே இருக்க வேண்டும். அப்படியே பின்னால் நாற்காலி இருப்பது போல இறங்கி எழ வேண்டும். கேட்க விளையாட்டாகத்தான் இருந்தது. நான் இறங்கினால் கழி முதுகை விட்டு விலகிவிடும். "தல, துடப்பம் ரொம்ப வெயிட்டா இருக்கா? ஒரு கை புடிக்கட்டுமா?" என்று பையன்கள் கலாய்த்தார்கள். ஒருத்தன் வாசலில் போய் நின்று, "மீன்கார அம்மா, ஓரமாப் போங்க, அண்ணன் தூக்கப் போறாரு!" என்று கத்தினான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கழி மறுபடியும் விழுந்தது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் கழி விலகவே இல்லை. பத்துத் தடவை இறங்கி எழுந்தேன். கலாய்த்தவர்களே கை தட்டினார்கள். பிறகுதான் வெறும் ராடு வந்தது, அதன் பிறகு சின்னத் தட்டுகள். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது தூக்குவது அல்ல, தூக்கிக்கொண்டு ஓடாமல் ஓரிடத்தில் நிற்பதுதான்.

மேஸ்திரியிடம் திரும்பிப் போனேன். தரையிலிருந்து மூட்டையை இரண்டு பேராகத் தூக்கி, சுமப்பவன் முதுகில் ஏற்றிவிடுகிற இடத்தில் என்னை நிறுத்தினார். நாள் முழுக்கக் குனிந்து நிமிர வேண்டிய இடம் அது. நான் முட்டி மடக்கி இறங்கியதைப் பார்த்து எதிரில் நின்றவர், "இன்னாப்பா, ஏரிக்கரையில ஒதுங்குற மாதிரி குந்துற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று ஒவ்வொரு மூட்டைக்கும் அப்படியே குந்தி எழுந்தேன். சாயங்காலம் இரண்டு லாரி நிறைந்தது. எதிரில் நின்றவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எப்படிப்பா அது, மறுக்கா காட்டு" என்றார்.

ஆனால் உண்மையான பரீட்சை மறுநாள் காலையில்தான். கண் விழித்ததும் பாயில் அசையாமல் கிடந்தேன், பயமாக இருந்தது. பிறகு மெல்ல ஒருக்களித்துக் கையை ஊன்றினேன். எழுந்தேன். சுவரைத் தொடவில்லை. ஒரு சுள்ளென்ற வலி கூட இல்லை. நடு ரூமில் தனியாக நின்று பைத்தியக்காரன் மாதிரி சிரித்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து ரூம்காரர் ஓடி வந்து, "இன்னா ஆச்சு?" என்றார். "நிமிர்ந்துட்டேன்ணா" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். இன்றைக்கும் எந்தப் பாரத்தின் முன்னால் நின்றாலும், அது எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன் என் பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன்; அப்படிப் பார்க்கிற அந்த ஒரு நொடியில் எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.