காலையில் நடப்பாள், சாயங்காலம் விழுவாள்

வண்டி வாரங்கலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. எதிர் இருக்கையில் இருந்த ராணுவ வீரர், டீயை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்திவிட்டார். முகம் கழுவப் போயிருந்த என் மகள் ரேவதி, ஆடுகிற பெட்டியில் எதையும் பிடிக்காமல் நேராக நடந்து வந்து சன்னலோரம் உட்கார்ந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நேத்து சென்ட்ரல்ல நாந்தான இந்தத் தங்கச்சியத் தூக்கி ஏத்திவிட்டேன்?"

"ஆமா தம்பி. காலையில நல்லா நடப்பா. பொழுது சாயச் சாய இடது கால் முறுக்கிக்கிடும்."

"இது என்ன வியாதி?"

"அதக் கேக்கத்தான் டெல்லிக்குப் போறோம்."

அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

1997 நவம்பர், தீபாவளி கழிந்த மறு வாரம். சென்னையிலிருந்து டெல்லி இரண்டாயிரத்து நூற்று எண்பது கிலோமீட்டர். அதற்கு முன் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரிப் பயணம். ரேவதிக்கு அப்போது பதினைந்து வயது. மூன்று வருஷமாக ஊர் ஊராக அலைந்திருந்தோம். காலை டோக்கன் வாங்கிக்கொண்டு போவோம். டாக்டர் நடக்கச் சொல்வார், அவளும் அழகாக நடந்து காட்டுவாள். படம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஒருவர் சத்துக் குறைவு என்றார், ஒருவர் மனசுதான் காரணம் என்றார். இன்னொருவர் அவளை வெளியே அனுப்பிவிட்டு, "பிள்ளை நடிக்கிறாள், கண்டுக்காதீங்க" என்றார். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அவள் காதில் அது விழுந்துவிட்டது.

அந்த ஆடி மாதம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ்ஸுக்கு முன்னால் விழுந்தாள். டிரைவர் சுதாரித்ததால் பிழைத்தாள். என் கணவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். "டெல்லியில கோமதி வீடு இருக்கு. கடைசியா அங்க ஒரு தடவ காட்டுவோம். அங்கயும் ஒண்ணுமில்லன்னுட்டா, படிப்ப நிறுத்திட்டு வீட்டோட வச்சிக்கிருவோம்." கோமதி அவருடைய தங்கை. கடையை விட்டு அவரால் வர முடியாததால் நானும் ரேவதியும் மட்டும் புறப்பட்டோம்.

மத்தியானம் நாக்பூர். பிளாட்பாரம் முழுக்க ஆரஞ்சுக் கூடைகள். பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு பை நிறைய வாங்கினேன். அதை உரித்துத் தின்னும்போதே ரேவதியின் இடது பாதம் உள்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. குதிகால் மேலே எழும்ப, விரல்கள் சுருண்டுகொண்டன. அவள் அந்தக் காலின் மேல் போர்வையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தாள். நன்றாகத் தூங்கி எழுந்தபோது இடார்சி வந்திருந்தது. கொஞ்ச நேரத்துக்குக் கால் மறுபடி நேராகி, அவள் கதவுவரை நடந்து போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். தூங்கி எழுந்தால் சற்றுத் தேறும் என்பதை வீட்டிலும் பலமுறை கவனித்திருந்தேன். எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்ல எனக்கும் தோன்றியதில்லை.

மறுநாள் காலை புது டெல்லி. குளிர் என்று பயந்து வந்தோம். எங்கள் மார்கழியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். கோமதி ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். அவள் வீடு இருந்த மோதி பாக்குக்கு ஆட்டோக்காரர் எண்பது கேட்டார். கோமதி, "பையா, ரோஜ் ஆத்தே ஹை" என்று ஏதோ வேகமாகப் பேசி, ஐம்பதுக்கு முடித்தாள். அகலமான சாலைகளும் சாலை நடுவே வட்டமான புல்வெளிகளும் வந்தன. பிறகு ஒரே மாதிரி மஞ்சள் பூசிய அரசுக் குடியிருப்புகள் வரிசையாக வந்தன. கோமதியின் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டில் இரண்டு அறை, முன்னால் கையகலத் தோட்டம், அதில் முள்ளங்கி.

ரேவதி படியேறுவதைக் கோமதி பார்த்துக்கொண்டே நின்றாள். "நல்லாத்தான மதினி நடக்கா! அண்ணன் போன்ல என்னமோ சொன்னானே?"

"பொழுது சாயட்டும், பாரு."

சாயங்காலம் தெருவில் ஏழிலைப்பாலை பூத்த மணம் மூச்சடைக்கிற அளவுக்கு வீசியது. ரேவதி அறைக்கதவிலிருந்து சமையலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியில் நொண்டி வந்தாள். அவ்வளவு தூரத்துக்குள்ளேயே இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. கோமதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவளைத் தாங்கினாள். 

படுக்கும்போது ரேவதி என்னிடம் கேட்டாள். "அம்மா, நெஜமாவே நான் நடிக்கேனோ? எனக்கே தெரியாம?"

"இல்ல தாயி" என்றேன். போர்வையை இழுத்து அவள் காலை மூடிவிட்டேன்.

மறுநாள் விடியும்போதே அந்தப் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போனோம். வெளி நடைபாதையில் பீகாரிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்த குடும்பங்கள் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தன. அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டுக்கொண்டும் இருந்தார்கள். வேர்க்கடலை விற்பவனும் எக்ஸ்ரே உறை விற்பவனும் அதற்குள் கடை போட்டுவிட்டார்கள். சீட்டு வாங்கி நரம்பியல் பிரிவுக்குப் போய்ச் சேர ஒன்பதுக்கு மேலாகிவிட்டது. உள்ளே இருந்தது இளம் டாக்டர், பஞ்சாபிப் பெண். நடக்கச் சொன்னார்; ரேவதி நடந்தாள். சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். கோமதி இந்தியில் எல்லாம் விளக்கினாள். அவர் முகத்தில் எனக்குப் பழகிப்போன அந்தச் சந்தேகம் வந்தது.

"என்ன சொல்லுதாங்க?"

"நடை சரியாத்தான் இருக்காம் மதினி. ரத்தம் குடுத்துட்டு, பழைய ஸ்கேனை இன்னொரு கட்டடத்துல காட்டிட்டு வரணுமாம்."

அந்தக் கட்டடத்தில் வரிசை, ரத்தம் எடுக்கும் இடத்தில் வரிசை, நடுவில் சாப்பாட்டு நேரம் என்று கவுன்டரை மூடிவிட்டார்கள். கோமதி, "ஜல்தி கரோ பையா" என்று அவசரப்படுத்திக் கத்திப் பார்த்தாள், பலிக்கவில்லை. நாங்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. ரேவதியை இரண்டு பக்கமும் தாங்கியபடி அந்த நீள வராந்தாவில் வந்தோம். பாதம் முழுசாகத் திரும்பியிருந்தது. கிளம்புவதற்காகப் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்த அந்த இளம் டாக்டர் எங்களைக் கண்டதும் நின்றார்.

பையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் குந்தி, ரேவதியின் காலைத் தொட்டார். பிறகு இரண்டு செருப்பையும் கழற்றித் திருப்பிப் பார்த்தார். இடது செருப்பில் விரல் பக்கத்து ஓரம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. குதிகால் பக்கம் புதுசு போலவே இருந்தது. நடிப்பவர்கள் செருப்பு இப்படித் தேயாது என்று அவர் சொன்னதாகக் கோமதி சொன்னாள்.

அடுத்து அவர் என்னைப் பார்த்துக் கேட்டது: "தூங்கி எழுந்தா சரியாகுதா?"

கோமதி மொழிபெயர்த்து முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இடார்சியைச் சொன்னேன், பள்ளிக்கூட மதிய இடைவேளையில் தூங்கி எழுந்தால் தேறுவதைச் சொன்னேன். மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது எல்லாம் வந்தது.

அவர் எங்களைப் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனார். நரைத்த மனிதர், அவசரமில்லாமல் பேசினார். மூளையில் ஒரு ரசாயனம் குறைவாகச் சுரக்கிறது. தூக்கத்தில் கொஞ்சம் நிரம்பும், பகலில் செலவாகிவிடும். தான் நினைப்பது சரியென்றால் ஒரு சின்ன மாத்திரை போதும், மாத்திரை கேட்டால் அதுவே நோயைச் சொல்லிவிடும் என்றார். அது கை நடுங்கும் வயசானவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரையாம். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்றும் கேட்டார்.

நான் இல்லை என்றேன். கோமதி மொழிபெயர்க்கவில்லை. மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"மதினி, எங்க செண்பகம் அக்காவுக்கு இருந்துச்சே?"

"அவங்களுக்குப் போலியோன்னுல்ல சொன்னீங்க?"

"அதெல்லாம் பின்னால சொன்னது. சின்னப்பிள்ளையில காலையில எங்களவிட வேகமா ஓடுவா. வெளக்கு வைக்கிற நேரமானா படுத்துக்கிடுவா. வேலைக்குக் கள்ளம்னு அப்பா அடிப்பாங்க. வாக்கப்பட்ட எடத்துலயும் அதே பேச்சுதான, கொண்டாந்து விட்டுட்டாங்க." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும் சொல்லியிருக்கேன் மதினி, கள்ளின்னு."

நான் கல்யாணமாகி வந்தபோது செண்பகம் மதினி எல்லா நேரமும் கோலூன்றித்தான் நடந்தார். காலை என்றும் மாலை என்றும் அவரிடம் வித்தியாசம் இருக்கவில்லை. ஒரே வீட்டுக் கால்கள் இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

மாத்திரையை அரையாகப் பிட்டுக் கொடுத்தோம். முதல் நாள் குமட்டல் மட்டும். மறுநாளும் கால் திரும்பியது, ஆனால் தாமதமாக. வாரக் கடைசியில் கோமதி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் புறப்பட்டாள். அது சாயங்கால நேரம்; எங்களையும் கூப்பிட்டாள். நான் தயங்கினேன். ரேவதி செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் வெளியே போய்விட்டாள்.

நம்மூர் அப்பளம், புளி, முருங்கைக்காய், பில்டர் காப்பித் தூள் எல்லாம் கிடைக்கிற கடைகள் அவை. முருங்கைக்காய் ஒன்று மூன்று ரூபாய் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நெரிசலில் ரேவதி கைப்பையோடு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மீன்கடைச் சேற்றைத் தாண்டிக் குதித்தாள். விளக்குகள் போட்டுவிட்டார்கள். அவள் பாதம் முழுசாகத் தரையில் பதிந்துகொண்டிருந்தது. நானும் கோமதியும் எதுவும் வாங்காமல் அவள் பின்னாலேயே அந்தச் சந்தை முழுக்கச் சுற்றினோம்.

மறுபடி பார்த்தபோது பெரிய டாக்டர் தெளிவாகச் சொன்னார். இது பரம்பரையாக வரக்கூடிய அபூர்வ நோய். மனசுக் கோளாறோ நடிப்போ இல்லை. ஆயுசுக்கும் மாத்திரை வேண்டும், படிக்கலாம், ஓடலாம். கோமதி சொல்லியிருந்த அந்த வயதான அத்தையையும் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டச் சொன்னார். இத்தனை காலம் கழித்து எவ்வளவு தேறும் என்று உறுதி தர முடியாது என்றார். இளம் டாக்டர் வாசல்வரை வந்து, ரேவதியின் தோளைத் தட்டிக் கொடுத்தார். எங்களுக்குப் பேசப் பொதுவான மொழி இல்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

திரும்பும் வண்டியில் நாக்பூர் வந்தபோது ரேவதி தானே இறங்கி ஆரஞ்சு வாங்கி வந்தாள். டெல்லியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. கோட்டையையும் பார்க்கவில்லை, கோபுரத்தையும் பார்க்கவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் கேட்டு அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போனோம். அந்தப் பதிலின் பாதி கோவில்பட்டிக்குப் பக்கத்து எட்டயபுரத்தில், பெரிய மைத்துனர் வீட்டு உள்ளறையில், கோலோடு உட்கார்ந்திருந்தது.

ஊர் வந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். நான் மாத்திரையைப் பற்றியும் மதுரையில் பார்க்க வேண்டிய டாக்டரைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனேன். செண்பகம் மதினி அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. ரேவதி நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரோஜா, மாத்திரை கெடக்கட்டும். நடிப்பு இல்லன்னு அந்த டாக்டர் வாயாலயே சொன்னாரா?"

"சொன்னார் மதினி."

"கோமதி கேட்டாளா?"

"அவதான் மொழிபெயர்த்துச் சொன்னா."

மதினி கோலைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு ரேவதியைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "நீ சொல்லு, என்ன சொன்னாரு? மொதல்லருந்து சொல்லு" என்றார்.