கூரையைத் தொடாத சுவர்

கணவருக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்து, சுசீந்திரத்திலிருந்து கீரிப்பாறைக்குக் குடிவந்தோம். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லைன் வீட்டில் எனக்குப் பிடிக்காதது, கூரையைத் தொடாமல் நின்ற இடைச்சுவர். பிள்ளைகளை நான் திட்டுவதெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்கும். "பலகை அடிச்சு அடைங்க" என்று கணவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம், அவர் இன்னும் வரவில்லை. அடுக்களை ஜன்னலருகே பலாப்பழத்தை வெட்டிச் சுளை எடுத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலிருந்து அக்காவின் குரல் கிசுகிசுத்தது.

"ஏட்டி, சக்கப்பழமா வெட்டின? மணத்துக்கு ஆனை வந்திருக்கு. உன் அடுக்களைக்குப் பின்னால நிக்கு. பழத்த அங்கயே போட்டுட்டு பிள்ளையளோட முன்னறைக்குப் போ. சத்தம் காட்டாத."

விளக்கை அணைத்து, பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னல் கம்பி முறிந்தது. சின்னவள் என் மடியில் நடுங்கினாள். சுவருக்கு மேலிருந்து மறுபடி அக்காவின் குரல் வந்தது.

"நான் இங்கதான் இருக்கேன், பயப்படாத மக்கா."

யானை போகும்வரை அக்கா அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கணவர் ஜன்னலுக்குப் பலகை அடித்தார். மிச்சப் பலகையோடு இடைச்சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அத விடுங்க" என்றேன்.

இப்போதும் இருட்டினால், சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன்.