வாடகை சொகுசுக் காரில் ஆரணி: இறங்க முடியாமல் போன அரை மணி நேரம்

கடந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை போரூரிலிருந்து ஆரணிக்குப் போய் வந்தோம். மொத்தம் 271 கிலோமீட்டர். சொந்தக் கார் வீட்டில் நிற்க, ஒரு நாள் வாடகைக்கு எடுத்த நீளமான ஜெர்மன் காரில் போனோம். விசேஷத்துக்கு இப்படிக் கார் எடுக்கும் யோசனையில் இருப்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காரணம் என் தம்பி சாமுவேல். அவனும் ஆரணிப் பெண் ரூத்தும் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்து, எட்டு மாதம் போனில் பேசி, பிறகு இரண்டு வீட்டுக்கும் தகவல் சொன்னார்கள். ரூத் ஆரணிப் பக்கத்துச் சேத்துப்பட்டில் பள்ளி ஆசிரியை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். அவளுடைய அப்பா தேவசகாயம் பட்டுத்தறி நெய்பவர். ஒப்பந்தத்துக்கு, அதாவது நிச்சயதார்த்தத்துக்கு, நாள் குறிக்க நாங்கள் முதன்முறையாக அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் அப்பா இல்லை. அதனால் எங்கள் தரப்பில் பேச வேண்டிய பெரிய ஆள் நான்தான்.

என் காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிமூன்று வயதான சின்ன வெள்ளைக் கார். எனக்கு மருந்துக்கடை இருப்பதால் பின் சீட்டில் எப்போதும் இருமல் மருந்து வாசனை. எண்பதைத் தாண்டினால் டாஷ்போர்டு பேச ஆரம்பிக்கும். மற்றபடி ஒரு நாளும் என்னை நடுரோட்டில் நிறுத்தியதில்லை. ஆனால் அம்மா, "பொண்ணு வீட்டுக்கு முதல் தடவ போறோம், இதுலயா போறது?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். தம்பி அன்று இரவே செயலியில் புக் செய்துவிட்டான். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு 8,400 ரூபாய், முன்பணம் பத்தாயிரம். அவனுக்கு லைசென்ஸ் இல்லாததால் ஓட்டுநர் என்று என் பெயரைப் போட்டிருந்தான். போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னான்.

காலை 5.50-க்குப் புறப்பட வேண்டியது, 6.15 ஆனது. காரணம், கார் ஸ்டார்ட் ஆனது எனக்குத் தெரியவில்லை. பட்டனை அமுக்கினேன், சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினேன். அது அணைந்தது. இப்படி ஐந்து முறை நடந்த பிறகு, வாட்ச்மேன் ஜன்னல் பக்கம் வந்து, "ஸ்டார்ட் ஆயிதாம்மா இருக்குது, போங்க" என்றார். சாவியை நுழைக்க எங்குமே ஓட்டை கிடையாது. சாவி காருக்குள் இருந்தால் போதுமாம். எங்கே வைப்பது என்று தெரியாமல் அம்மாவின் கைப்பையில் போட்டேன்.

நெடுஞ்சாலையில் அந்தக் காரைக் குறை சொல்ல முடியாது. நூறில் போகும்போது நாற்பதில் போவதுபோல இருக்கிறது. லாரிகளைத் தாண்டுவது, என் காரில் நான் வேண்டிக்கொண்டு செய்கிற காரியம். இதில் கால் விரலை லேசாக அசைத்தால் முடிந்துவிடுகிறது. ஒரே தொந்தரவு, ரோட்டின் வெள்ளைக் கோட்டைத் தொட்டால் ஸ்டியரிங் தானாகவே நம் கையைப் பிடித்து இழுக்கிறது. என் மாமியாருடன் சமையலறையில் நிற்கும் உணர்வு அப்படியே வந்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் தம்பி எதையோ அழுத்த, பின் சீட் அம்மாவுக்கு மசாஜ் செய்ய ஆரம்பித்தது. அம்மா முன்னால் சாய்ந்து, "சாமு, டிக்கியில யாராவது இருக்காங்களா பாரு. முதுகுல குத்தறாங்க" என்றார்.

வாலாஜா, ஆற்காடு வழியாகத் திமிரி வந்தபோது மணி 8.20. இட்லி சாப்பிட்டோம். கடைக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ குடுக்குதுங்க லிட்டருக்கு?" என்று கேட்டார். திரையில் ஒன்பது என்று இருந்தது. பதினான்கு என்று சொன்னேன். "அவ்ளோதானா" என்று சொல்லிவிட்டுச் சட்னி ஊற்றப் போய்விட்டார். பொய் சொல்லியும் மரியாதை கிடைக்கவில்லை.

திமிரிக்குப் பிறகு வேகத்தடைகள் ஆரம்பம். இந்தக் காரின் வயிறு தரையிலிருந்து ஒரு சாண்கூட இருக்காது. முதல் தடையில் அடியில் கேட்ட சத்தத்தில் எங்கள் முன்பணம் பத்தாயிரமும் கண் முன்னால் போனது. அடுத்த தடையிலிருந்து ஒரு வழிமுறை வைத்துக்கொண்டோம். நான் நிறுத்துவேன். கைப்பையைச் சீட்டிலேயே விட்டுவிட்டு அம்மாவும் தம்பியும் இறங்கித் தடையைத் தாண்டி நடந்து போவார்கள். பாரம் குறைந்த காரைச் சாய்வாக ஏற்றி இறக்குவேன். அவர்கள் மறுபடி ஏறுவார்கள். பட்டுப்புடவையில் அம்மா, பழத்தட்டுடன் தம்பி, ஒன்பது தடைகள். ஆறாவதில் பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் தலையை நீட்டி, "கார வித்துட்டு நடந்தே போயிடலாமேம்மா" என்றார். என் காரில் இதே தடைகளை மூன்றாவது கியரில் தாண்டியிருப்பேன்.

ஆரணிக்குள் நுழையும்போது 9.40. ரூத் வீட்டுத் தெருவில் திரும்பிய உடனே நிற்க வேண்டியதாயிற்று. தெருவின் நடுவில் பாவு விரித்திருந்தார்கள். சேலைக்கான பட்டு இழைகளை இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, ஏழெட்டுப் பேர் இரண்டு பக்கமும் நின்று சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள்கூட ஓரமாகத்தான் போக முடியும்.

அங்கே வேலையாக இருந்த ஜெயந்தி என்ற அம்மாள், "முக்கா மணி நேரம் ஆவும்ங்க. நடந்து போங்க, நாலாவது வீடுதான்" என்றார். அம்மாவும் தம்பியும் தட்டோடு இறங்கி ஓரமாக நடந்தார்கள். காரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றேன். அதற்குள் பின்னால் பால் வேன் வந்து ஹாரன் அடித்தது. காரைப் பின்னுக்கு எடுத்து, ஒரு சந்துக்குள் செருகினேன். அப்போதுதான் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: சாவி காருக்குள் இல்லை.

சாவி அம்மாவின் கைப்பையில் ரூத் வீட்டுக்குப் போய்விட்டது. ஓடிக்கொண்டிருக்கும் வரை ஓடுமாம். அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. சாவி இல்லாமல் பூட்டவும் முடியாது. அம்மாவுக்குப் போன் செய்தேன், பின் சீட்டில் மணி அடித்தது. தம்பி மரியாதைக்காகப் போனைச் சைலன்ட்டில் போட்டிருந்தான். பதினொரு முறை அழைத்தேன். ஆக, அறுபது லட்ச ரூபாய்க் காரை ஓடவிட்டு, ஏசியில் உட்கார்ந்திருந்தேன். வேறு வழி இல்லை.

இது வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று எனக்கு உறைக்கவில்லை. ஜெயந்தியம்மா சந்து முனையிலிருந்தே இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் சிரித்தேன். ஆனால் அந்தக் கண்ணாடி வழியாக வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே சிரிப்பதெல்லாம் தெரியாது. வெறும் தலை மட்டும்தான் தெரியும். அவர் நேராக ரூத் வீட்டுக்குப் போய், "அந்தம்மா ஏசி போட்டுகினு கார்லயே உக்காந்துகினு இருக்காங்க. எறங்க மாட்டாங்க போல" என்று சொல்லியிருக்கிறார். பேச வேண்டிய பெரியவள் வண்டியை விட்டு இறங்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அங்கே காபி டம்ளர்கள் அப்படியே நின்றுவிட்டனவாம்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து, எழுந்த தம்பியை உட்காரச் சொல்லிவிட்டு, தேவசகாயம் அவர்களே வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. கண்ணாடியை இறக்கும் பட்டன் கிடைக்காமல் கதவைத் திறந்தேன்.

"வணக்கம்ங்க. நாங்க சின்னக் குடும்பம். எங்க சைடுல எதனா கொறை இருந்தா மொகத்துக்கு நேரா சொல்லிடுங்க. பொண்ணு மனசுல ஆசைய வளத்துகினு இருக்குது, அதான்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயோ, குறையெல்லாம் இல்லீங்க. சாவி எங்க அம்மா பையில போயிடுச்சு. இத அணைச்சா திரும்ப கெளம்பாது. பூட்டவும் முடியாது. எங்களுக்கு இந்தக் காரே புதுசு" என்றேன்.

அவர் காரின் முன்பக்கம் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "வாடகை வண்டிதானேங்க. கருப்பு பிளேட்டுல மஞ்சள் எழுத்து. தெருவுல திரும்பறப்பவே தெரிஞ்சிடுச்சி" என்றார். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பிறகு சந்தின் முனையில் நின்று மகளுக்குப் போன் செய்தார்.

சாவியோடு வந்தது ரூத். பின்னால் தம்பி. நான் அவளை முதன்முறையாக நேரில் பார்க்கிறேன். மெலிந்த, உயரமான பெண். சாவியை என் கையில் கொடுத்து, "நல்லா இருக்கீங்களா அக்கா?" என்றாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"நேத்து இந்தக் கார் போட்டோ அனுப்பினீங்க. இது யாருதுன்னு நீங்க சொல்லல."

"நீ கேக்கலையே" என்றான் தம்பி.

"கேட்டாதான் சொல்லுவீங்களா?"

தெருவில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. அப்போது இந்தச் சம்பந்தம் முடிந்தது என்றே நினைத்தேன். தம்பி கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தான். பிறகு ஆரம்பித்தான். இது வாடகைக் கார். எங்களுடையது பதிமூன்று வருடப் பழைய கார், அதுவும் அக்காவுடையது. அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் தேர்வில் ‘எச்’ எழுத்து வடிவில் ஓட்டச் சொன்னபோது இரண்டு முறை கம்பத்தை இடித்துவிட்டான். பைக் கடன் இன்னும் பதினேழு மாதம் இருக்கிறது. வேலையில் டீம் லீடர் என்று சொன்னது உண்மை, ஆனால் டீமில் அவனையும் சேர்த்து இரண்டே பேர். சர்ச் பாடகர் குழுவில் அவன் வாயை மட்டும்தான் அசைக்கிறான். முன்பக்க முடிக்கு ஒரு தைலம் போடுகிறான், அதைக் கொடுப்பது அக்காவின் கடை.

"போதும் தம்பி. ஜனங்க கேட்டுகினு இருக்காங்க, உள்ள வாங்க" என்றார் தேவசகாயம்.

ரூத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. "பாடறீங்கன்னு நம்பிகினு இருந்தேனே" என்றாள். ஜெயந்தியம்மா சிக்கெடுக்கும் குச்சியைக் கீழே வைத்துவிட்டே சிரித்தார்.

பாவு சுருட்டியதும் காரை எடுக்கப் போனேன். சந்திலிருந்து என்னால் வெளியே எடுக்க முடியவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் அலறியது. ரூத், "நகருங்க அக்கா" என்றாள். சித்தப்பாவின் குட்டியானைச் சரக்கு வண்டியில் பழகி லைசென்ஸ் எடுத்தவளாம். வாடகை விதிப்படி வேறு யாரும் ஓட்டக் கூடாது. நீங்கள் யாரும் இப்படிச் செய்யாதீர்கள். அவள் கண்ணாடிகளை மட்டும் பார்த்து, ஒரே மூச்சில் பின்னால் எடுத்து, வீட்டு வாசலில் கொண்டு நிறுத்தினாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கட்டில் மாதிரி இருக்குதுக்கா. ஓட்டறாப்பலயே இல்ல." பல பேர் எழுதிய விமர்சனங்களைப் படித்திருக்கிறேன், இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

பேச்சு அரை மணியில் முடிந்து நாள் குறித்தோம். பிரியாணி சாப்பிட்டோம். மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சாவி ஓட்டுபவரிடமே இருக்கட்டும். காரை எடுக்கும்போது அடிப்பாகத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். எங்கள் முன்பணத்தில் 1,500 பிடித்தார்கள். நெசவுத் தெருக்களுக்குப் போவதாக இருந்தால் பதினொரு மணிக்கு மேல் போங்கள், அல்லது முன்னாலேயே நிறுத்திவிட்டு நடங்கள். ஆற்காடு வரை இந்தக் கார் சொர்க்கம். அதற்குப் பிறகு என் காரே போதும்.

ஒன்றில் மட்டும் அந்தக் கார் ஜெயித்தது. என் காரில் வேகமாகப் போகும்போது யார் பேசுவதும் கேட்காது. இதில் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். வாலாஜா தாண்டியபோது தம்பி மெதுவாக, "அக்கா, ரூத்துக்கு என்னப் பிடிச்சிருக்கா, இல்ல பாவம்னு ஒத்துகிட்டாளா?" என்றான்.

நான் பதில் யோசிப்பதற்குள் பின் சீட்டிலிருந்து அம்மா சொன்னார். "உங்கப்பாவ நான் பாவம்னுதான் ஒத்துகிட்டேன். முப்பத்தொரு வருஷம் நல்லாத்தான் போச்சு."