சூடாக இருந்த மண்மேடு

போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் வந்து என் லாட்ஜ் எது என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரனும் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து இறக்குவான். மூன்று மாடி. ஒவ்வொரு செங்கல்லும் நான் வெயிலில் நின்று இறக்கியது. அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஆனால் பெரிய பெரிய காலேஜ் வாத்தியார்கள் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு என் மேஜைக்கு முன்னால்தான் நின்று ரூம் கேட்கிறார்கள். பறவை பார்க்க வருகிறார்களாம். சிடியா டாப்பு பார்ப்பார்கள், பாராடாங் பக்கம் சாயங்காலம் கிளிகள் வந்து அடைகிற தீவைப் பார்ப்பார்கள். நிக்கோபார் வரை போகப் பெர்மிட் வாங்கி வந்தவர்கள் மட்டும் ஒரு பறவையைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கூச்சக்காரப் பறவையாம். லேசில் கண்ணில் படாதாம். அதற்கென்றே சரணாலயம் வைத்திருக்கிறார்களாம்.

நான் சிரித்துக்கொள்வேன். அதன் குஞ்சை ஒன்பது வயதில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பார்த்தவள் நான். அதுவும் எங்கள் சித்தப்பாவின் சமாதிக்குள்ளிருந்து அது எழுந்து வந்தபோது.

எழுபதுகளின் ஆரம்பம் அது. பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு சர்க்கார் கிரேட் நிக்கோபாரில் நிலம் கொடுத்தது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். கேம்பல் பே அன்றைக்கு ஊரே கிடையாது. தகரக் கொட்டகைகள், வெட்டிப்போட்ட மரங்கள், மழை, மணல் ஈ. பஞ்சாபிக்காரர் ஒரு பக்கம், மராட்டிக்காரர் ஒரு பக்கம், தெலுங்குக்காரர் ஒரு பக்கம். எல்லாருக்கும் பொதுவாய் ஓட்டை இந்தி. அடுத்த வருஷம் சித்தப்பாவும் ரோடு வேலைக்கென்று வந்து சேர்ந்தார், கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத சித்தியோடு.

சித்திக்கு இருபது வயது இருக்கும். தகரப் பெட்டியைத் திறந்து ஒரு சேலையை எடுப்பாள். துவைத்துக் காயவைத்தபின் மடித்து மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவாள். துணி போடக் கொடி கட்டித் தருகிறேன் என்று அப்பா சொன்னதற்கு, "இருக்கட்டும் அத்தான், எதுக்கு?" என்றாள். கடல் பக்கம் திரும்பவே மாட்டாள்; கப்பலில் வந்த ஐந்து நாளும் வாந்தி எடுத்தவள். ஆனால் எனக்குச் சித்திதான் உலகம். தமிழ் பேசுகிற பெண்பிள்ளை அந்தக் குடியிருப்பில் நான் ஒருத்தி. என்னோடு தாயம் ஆட அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஒரு நாள் காலையில் சித்தப்பா பிரம்பு வெட்ட அரிவாளோடு தெற்கே கடலோரமாகப் போனார். திரும்பி வரவில்லை. அப்பாவும் ஆட்களும் எட்டு நாள் தேடினார்கள். ஓடையில் முதலை இழுத்துவிட்டது என்றார் ஒருவர். காட்டில் திசை தப்பிவிட்டது என்றார் இன்னொருவர். ஒன்பதாம் நாள் அப்பா இரண்டு பேரோடு வெகுதூரம் போய், மணல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், சித்தப்பா வெட்டிக் கட்டிய பிரம்புக் கட்டைக் கண்டெடுத்தார். அதற்குப் பத்தடி தள்ளி ஒரு மண்மேடு. புது மண். மண்ணும் மணலும் இலையுமாகச் சேர்த்து என் தலை உயரத்துக்குக் குவித்திருந்ததாம்.

"தானா மண்ணு கூடுமா? ஆளைப் புதைக்காம எவன் இப்படிக் குவிப்பான்?" என்றார் அப்பா. அந்த வழியாகப் போன யாரோ உடலைப் பார்த்துவிட்டு மண் தள்ளி மூடியிருக்கிறார்கள் என்று முடிவாயிற்று. வீட்டுக்குத் திரும்பி வந்து, தோண்டிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னபோது அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள். எங்கள் ஆட்கள் புதைக்கிறவர்கள். மூடிய குழியைத் திறப்பது ஆகாது. பால் தெளிக்கலாம், தேங்காய் உடைக்கலாம், அவ்வளவுதான்.

மெயின்லேண்டுக்குப் போகிற வழியில் கப்பல் அந்த வாரம்தான் வந்து நின்றிருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போதென்று சர்க்காருக்கே தெரியாது. ஆகவே எல்லாம் ஒரே நாளில் என்று அப்பா தீர்மானித்தார்: காலையில் மேட்டுக்குப் பால், அங்கேயே சித்திக்குத் தாலி இறக்குவது, சாயங்காலம் அவளைப் பிறந்த வீட்டுக்குக் கப்பல் ஏற்றுவது. இரவு அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நம்ம ஆளுகள்ல அறுத்துக் கட்டுறது வழக்கம்தான? இருபது வயசுப் பிள்ளை. அவ அண்ணன் வேற இடம் பாத்து முடிச்சுக் குடுப்பான்." அம்மா அவர் வாயைப் பொத்தினாள். நான் போர்வைக்குள் அழுதேன். சித்தப்பாவுக்காக அல்ல. உண்மையைச் சொன்னால் என்ன? சித்தி போகக் கூடாது என்றுதான் அழுதேன்.

இதில் ஒரு சிக்கல். தாலியை இறக்கச் சுமங்கலி கை ஆகாது. அதற்கு ஒரு விதவை வேண்டும். புதுக் குடியிருப்பில் மண்வெட்டி கிடைத்தது, பால் பவுடர் கிடைத்தது, தமிழ் விதவை மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் பக்கத்து நிலத்துத் தெலுங்குக்காரரின் தாயாரைக் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். கோடிச் சேலைக்கு ஸ்டோரில் வாங்கிய வெள்ளை மல்லுத்துணி. வழிகாட்ட ராஞ்சிக்காரக் காட்டு வாட்சர் ஒருவர். "என் தம்பி கபர்", அதாவது சமாதி, என்று மட்டும் அவரிடம் அப்பா சொல்லியிருந்தார். சித்தியின் பெட்டி விடியும் முன்னே படகுத்துறைக்குப் போய்விட்டது.

மணலில் நடந்தே போனோம். அன்று மழை இல்லை, காற்றும் இல்லை. கடல்கூடச் சத்தமில்லாமல் கிடந்தது. எங்கள் வலது கைப் பக்கம் காடு; பகலிலேயே உள்ளே இருட்டு. பாதி வழியில் அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பிற்று. அழுகையா, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதா, சொல்ல முடியவில்லை. அது ஓய்வதற்குள் இன்னொரு குரல் வேறிடத்திலிருந்து அதைப் பிடித்துத் தொடர்ந்தது. இரண்டு பேர் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே கூட வருகிறாற்போல. தெலுங்குப் பாட்டியம்மா சேலைத் தலைப்பைக் காதில் அடைத்துக்கொண்டாள். அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மேட்டைப் பார்த்ததும் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதன் மேலெல்லாம் கீறல். பத்து இருபது கைகள் விரலால் மண்ணை வாரி வாரிப் போட்டது போல, நீள நீளமாக. சுற்றியிருந்த தரையில் ஒரு சருகு கிடையாது. துடைத்து எடுத்த மாதிரி. வாட்சர் மணலிலேயே நின்று பீடி பற்றவைத்துக்கொண்டார். குடும்பக் காரியம் என்று மரியாதைக்கு ஒதுங்கிவிட்டார்.

சித்தியை மேட்டை ஒட்டி உட்காரவைத்தார்கள். தலையில் காட்டுச் செம்பருத்தி, கையில் ஸ்டோரில் வாங்கிய கண்ணாடி வளையலெல்லாம் கூடச் சேர்த்துப் போட்டிருந்தது, உடைப்பதற்காக. நான் அவள் இடுப்பை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அப்பா தேங்காயை உடைத்தார். தகரக் குவளையில் கரைத்திருந்த பாலை எடுத்தார். அப்போது சித்தி ஆதரவுக்காக மேட்டில் கையை ஊன்றினாள். ஊன்றியவள், அடுப்பில் இருந்த சட்டியைத் தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை, என்னைத் தவிர.

"அத்தான், சீக்கிரம் ஊத்துங்க. கப்பலுக்கு நேரமாவுது" என்றாள்.

அப்பா குவளையோடு அப்படியே நின்றார். அம்மா மூக்கைச் சிந்தி, "பாவி மக, புத்தி பேதலிச்சுப் பேசுதாளே" என்றாள்.

அவள் எதைத் தொட்டாள் என்று நானும் தொட்டுப் பார்த்தேன். மண் சூடாக இருந்தது. வெயில் சூடு அல்ல, அன்றைக்கு வெயிலே இல்லை. காய்ச்சல்காரன் வயிற்றில் கை வைத்தது போன்ற சூடு. உள்ளங்கைக்குக் கீழே என்னவோ அசைந்தது.

சித்தி என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். நகம் பதிந்தது. "ஏட்டி, சும்மா இரி" என்றாள், உதடு அசையாமல்.

நானா சும்மா இருப்பேன்? சும்மா இருந்திருந்தால் இன்றைக்கு மூன்று மாடி ஏறியிருக்குமா? நான் கத்தினேன்: "அப்பா! சித்தப்பா சூடா இருக்காரு! அசையுறாரு!"

குவளை கீழே விழுந்தது. அப்பா மண்டியிட்டு மேட்டில் இரண்டு கையையும் வைத்தார். சண்டையைப் பார்த்த மனுஷர். அவர் முகம் அப்படிப் போனதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அவர் விரலுக்குப் பக்கத்தில் மண் தானாக உள்ளே இறங்கிற்று. பிறகு மேலே எழும்பிற்று. மறுபடி இறங்கிற்று, மூச்சு வாங்குவது போல. தெலுங்குப் பாட்டியம்மா "அம்மோ" என்று கடல் பக்கம் ஓடினாள். அப்பா "தம்பி, தம்பி" என்று வெறுங்கையால் மண்ணைப் பறிக்கத் தொடங்கினார். கறுப்பாய் அழுகின இலைகள் வந்தன, அவற்றிலிருந்து ஆவி கிளம்பிற்று.

பறித்த குழிக்குள்ளிருந்து முதலில் ஒரு கண் வந்தது. பிறகு தலை. கோழிக்குஞ்சு என்றால் மஞ்சள் பஞ்சாக இருக்கும், கீச்கீச்சென்று கத்தும். இது பழுப்பாய், இறகு முளைத்து, முழுசாக எழுந்து நின்றது. சத்தமே போடவில்லை. மண்ணை உதறிவிட்டு அப்பாவைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, சித்தியைப் பார்த்தது. பிறகு யாரையும் தெரியாதது போலக் காட்டுக்குள் ஓடி மறைந்தது. உள்ளே அந்த இரண்டு குரல்களும் மறுபடி தொடங்கின.

சத்தம் கேட்டு ஓடிவந்த வாட்சர் குழியைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அரே ஃபௌஜி சாப், யே தோ முர்கி கா கர் ஹை!" இது கோழி வீடாம். அந்தக் காட்டுக்கோழி ஒரே மேட்டில் மாதக்கணக்காய்க் காலால் புது மண்ணைக் குவித்து, முட்டையை உள்ளே வைத்துவிட்டுப் போய்விடுமாம். அழுகுகிற இலையின் சூட்டிலேயே பொரித்துக் குஞ்சு தானே தோண்டிக்கொண்டு வருமாம், தாய் முகம்கூடப் பார்க்காமல். சொல்லிக்கொண்டே வந்தவர் அம்மா கையிலிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார்.

கோழி முட்டைக்குப் பால் தெளிக்கப் போன குடும்பம் இந்தத் தீவுகளிலேயே எங்களுடையது ஒன்றுதான். இதிலும் நாங்கள்தான் முதல்.

அப்பா மணலில் உட்கார்ந்து வெகுநேரம் கையைத் துடைத்தார். பிறகு பட்டாளத்துக் குரலில் தீர்ப்பு சொன்னார். "சமாதி இல்ல. பிரேதம் இல்ல. ஆளு செத்ததுக்குச் சாட்சி இல்ல. பிறகு எந்த நியாயத்துல தாலியில கை வைக்கது?" அம்மா சித்தியின் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெற்றியில் புதுசாகக் குங்குமம் வைத்தாள். என்னைக் கட்டிப்பிடித்து, "என் தங்கம், உன் வாயாலதான்டி உன் சித்தி தாலி தப்பிச்சுது" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்து நான் நாற்பது வருஷம் பெருமை அடித்திருக்கிறேன்.

சித்தப்பா வரவே இல்லை. உயிரோடும் இல்லை, பிணமாகவும் இல்லை. சித்தியின் அண்ணனுக்கு எழுதினோம். மச்சான் திரும்பி வரட்டும், சேர்ந்தே வாருங்கள் என்று பதில் போட்டான். செத்தவன் பெண்டாட்டியைப் பிறந்த வீடு கூப்பிட்டுக்கொள்ளும், வேறு வாழ்க்கையும் பார்க்கும். காணாமல் போனவன் பெண்டாட்டி இருந்த இடத்திலேயே காத்திருக்க வேண்டும். எங்கள் வழக்கம் அப்படி. சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள், எங்களோடு போர்ட் பிளேருக்கு வந்தாள், என் லாட்ஜ் சமையல்கட்டில் நரைத்தாள். கழுத்தில் தாலியோடு கண்ணை மூடினாள். சுமங்கலியாகப் போனவள் என்று பெண்கள் வரிசையில் நின்று அவள் காலைத் தொட்டார்கள். அன்றுகூட, அந்தத் தாலியைக் காப்பாற்றியவள் நான் என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதே பாதியில் வாய் நின்றுவிட்டது. மண்ணின் சூட்டை எனக்கு முன்னால் தொட்டவள் அவள். அது சமாதி அல்ல என்று அங்கே முதலில் தெரிந்தவள் அவள்தான். தெரிந்துதான் சீக்கிரம் ஊற்றச் சொன்னாள்.

மேட்டிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் பெட்டியைத் திருப்பி எடுக்க அப்பா படகுத்துறைக்குப் போனார். சித்தியும் நானும் கூடப் போனோம். அப்பா ஆளைத் தேடி நடக்க, நாங்கள் ஒரு மரத்தடிமேல் உட்கார்ந்திருந்தோம். அவள் போகவில்லை, இனி என்னோடுதான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மடியில் சாய்ந்து, நான் எப்படித் தொட்டேன், எப்படிக் கத்தினேன் என்று நாலாம் தடவையாகச் சொன்னேன். சித்தி என் தலையைத் தடவிக்கொண்டே 'ம்' கொட்டினாள். கடல் பக்கம் திரும்பவே மாட்டாதவள், அன்று கண் இமைக்காமல் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா அதில் வந்து இறங்குவார் என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் அவளோடு சேர்ந்து பார்த்தேன்.

கப்பல் நங்கூரத்தை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.