ஒன்றிலிருந்து இரண்டுக்கு

என் குறிப்பேடுகள் காற்றில் புரளாமலிருக்க ஒரு கியர் குமிழை அவற்றின் மேல் வைத்திருக்கிறேன். தேக்கில் கடைந்த, எலுமிச்சையளவு உருண்டை. கியர்களின் இடம் காட்டும் வெள்ளைக் கோடுகளில் மூன்றும் நாலும் தேய்ந்துபோய்விட்டன. ஒன்றும் இரண்டும் இன்னும் தெளிவாக இருக்கின்றன. பழவேற்காட்டில் டச்சுக் கல்லறையை ஒட்டிய கொட்டகையில் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரினுடையது அது. மேல்கூரை கிடையாது, இருவர் உட்காரலாம். இறால் வியாபாரி ஒருவர் மெட்ராஸில் பழசாக வாங்கிவந்தது.

அந்த முதலாளியின் மோட்டார் படகைப் பழவேற்காடு ஏரியில் என் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளிக்குப் பார்வை மங்கத் தொடங்கியதும் காரையும் அண்ணனே ஓட்டப் பழகட்டும் என்று காட்டூர் சாலைக்கு அழைத்துப்போனார். நானும் இரண்டொரு முறை பின்விளிம்பில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அண்ணன் செய்தது ஒரே தப்பு. எஞ்சின் குரல் ஏறத் தொடங்கியதுமே அவசரமாக இரண்டாம் கியருக்கு இழுத்துவிடுவார். வண்டி குலுங்கி, இருமி, தளர்ந்து போகும்.

"இன்னாடா, வண்டிய தூங்க வெக்கிறியா? அது அழுவலடா, பாடுது. பாடி முடிக்கட்டும், அப்பால மாத்து" என்பார் முதலாளி.

"ஏரில இப்டி பாடுனா விசிறி ஒடைஞ்சிபூடும் மொதலாளி" என்று அண்ணன் சிரிப்பார்.

அவர் சொன்னதும் உண்மைதான். ஏரியில் எஞ்சின் அலறினால், படகைத் தள்ளும் விசிறி தண்ணீரை விட்டு மேலே வந்துவிட்டது, அல்லது பாசியில் சிக்கிவிட்டது என்று பொருள். உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். படகின் இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் பக்கத்தில் இருப்பவன் எஞ்சின்காரனின் தோளை இரண்டு முறை தட்டுவான். பேச்சு வருமுன்பே எங்கள் கைகளுக்கு வந்துவிட்ட பழக்கம் அது.

ஐப்பசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காலை. விடாத மழை. எட்டு மாதக் கர்ப்பிணியான அண்ணிக்கு உதிரம் போகத் தொடங்கியது. இது தன் கையில் இல்லை, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டார். சாலையில் வெள்ளம் என்று பஸ் வரவில்லை. முதலாளி வேனில் மெட்ராஸ் போயிருந்தார். கார்ச் சாவி மட்டும் அண்ணனிடம் இருந்தது.

அண்ணியைப் பாயோடு தூக்கி இருக்கையில் வைத்தோம். தலைக்குமேல் தார்ப்பாயைப் பிடித்தபடி நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். "கல்யாணத்துக்குக் கேட்டேன், இந்தக் காரு கெடைக்கல. இன்னிக்கிதான் குடுத்து வெச்சிருக்கு" என்றார் அண்ணி. உதடு வெளுத்திருந்தது.

பாதி வழியில் சாலையின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழேதான். அண்ணன் முதல் கியரில் இறக்கினார். முதலாளி சொன்னபடி மிதித்த கால் மிதித்தபடியே இருந்தது. எஞ்சின் அலறியது, அதன் வேகம் காட்டும் முள் மேலே மேலே போயிற்று, வண்டி நடுவரை வந்துவிட்டது. அக்கரை மேடு கண்ணுக்குத் தெரிந்தது. ஏரியில் கேட்ட அதே அலறல். என் கை அண்ணனின் தோளை இரண்டு முறை தட்டியது.

அண்ணன் மிதியிலிருந்து காலை எடுத்தார். கியரை இரண்டுக்கு இழுத்தார். அந்த ஒரு நொடியில் புகைக்குழாய் வழியே தண்ணீர் ஏறிவிட்டது. எஞ்சின் நின்றது. அதன் பிறகு மழைச் சத்தம் மட்டுமே கேட்டது.

எத்தனை முறை சாவியைத் திருப்பினார் என்று நான் எண்ணவில்லை. குனிந்து தோள் கொடுத்துத் தள்ளினோம். சக்கரம் சேற்றில் புதைந்தது. காட்டூர்க்காரர் ஒருவர் மாட்டு வண்டியோடு வந்துசேர்ந்தபோது அண்ணி பேச்சை நிறுத்தியிருந்தார். பொன்னேரியை எட்டுமுன் மூச்சும் நின்றுபோயிற்று. பிள்ளையும் வெளிச்சம் பார்க்கவில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் அண்ணன் ஒன்றையே சொன்னார்: "நான்தான் அவசரப்பட்டு மாத்திட்டேன்." அண்ணியைப் பெற்ற நைனா முகத்துக்கு நேரே காறித் துப்பியபோதும் அதையேதான் சொன்னார். என் கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னிடம் மட்டும் ஒரு முறை, வலை காயவைத்துக்கொண்டிருந்தபோது, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "நீ தொடாங்காட்டியும் நான் மாத்தியிருப்பேன்டா." நான் நம்பவில்லை. அவரும் நம்பிச் சொன்னதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. கோல் ஊன்றும் தோணியில்தான் போனார். காரை முதலாளி உடைப்புக்குப் போட்டபோது இந்தக் குமிழை மட்டும் அண்ணன் திருகி எடுத்துவந்து, காரணம் சொல்லாமல் என்னிடம் தந்தார்.

தேதிகளைச் சேர்ப்பவன் நான். டச்சுக் கல்லறையின் ஒவ்வொரு கல்லிலும் பிறந்த நாள், இறந்த நாள் பார்த்துப் படியெடுத்து வைத்திருக்கிறேன். அந்த ஐப்பசி நாளின் பக்கத்தில் மழை, காற்று, தண்ணீரின் உயரம், மாட்டு வண்டி வந்த நேரம் எல்லாம் இருக்கின்றன. ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். போன மாசியில் அண்ணனும் போய்விட்டார். இனி என்னைக் காப்பாற்றப் பொய் சொல்ல யாருமில்லை. இன்று காலை குமிழை நகர்த்திவைத்து, "தட்டியது நான்" என்று அந்த வரியை எழுதினேன். மை காய்ந்ததும் குமிழை மறுபடி பக்கத்தின் மேல் வைத்தேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே என் கட்டைவிரல் சரியாகப் பொருந்துகிறது.