வேண்டாமென்று ஒதுக்கிய பிரவுசர்

தெருவில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது, எல்லோருக்கும் அண்ணிதான். நாத்தனாருக்கு அப்படி ஒரு தொண்டை. கீழே நின்றுகொண்டு மூன்றாவது மாடியைப் பார்த்து, "அண்ணி, சாவியைப் போடுங்க!" என்று அவள் கத்திய கத்தலில், காய்கறிக் கடைக்காரர் முதல் சைக்கிள் கடைக்காரர் வரை அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

அண்ணிக்கு வேலை வீட்டிலேயே. சமையலறையை ஒட்டிய மேஜையில் ஒரு லேப்டாப். சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பாள். லேப்டாப் கணவனுடையது. அவன் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. காலையில் ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. நாற்பத்துநாலு வயது. அதன் பிறகு அந்த லேப்டாப்பில் அண்ணி முதலில் செய்தது, அவன் பயன்படுத்திய பிரவுசரை ஒதுக்கிவிட்டு வேறொன்றை வைத்துக்கொண்டதுதான். அடியோடு அழிக்க மனம் வரவில்லை. நாத்தனாரும் விடவில்லை. "இருந்துட்டுப் போகட்டுமே அண்ணி. சோறா கேக்குது?"

பல் மருத்துவமனை வேலை வந்தபோதுதான் ஆரம்பித்தது. முன்பதிவுப் பக்கம். பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் அது வயதைக் கணக்கிட்டு, ஆளை வரிசையில் சேர்த்து, காத்திருக்கும் கூடத்தின் ஒலிபெருக்கியில் கூப்பிட வேண்டும். நிர்வாகம் டாக்டரின் மனைவி கையில். சரியாக அமைந்தால் மற்ற கிளைகளும் உங்களுக்கே என்று சொல்லியிருந்தார். அண்ணி தனியாகப் பிடித்த முதல் பெரிய வேலை. இது கைவிட்டுப் போனால், விட்டு வந்த கம்பெனியின் வாசலில் மறுபடி போய் நிற்க வேண்டும்.

அதற்காகப் புதிதாக ஒரு கருவியில் புரோகிராம் எழுதினாள். ஓட்டிப் பார்க்கும் பட்டனை அழுத்தினால் அதுவே பிரவுசரைத் திறந்து பக்கத்தைக் காட்டும். எந்த பிரவுசர் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். புதியதைச் சொல்லி வைத்தாள். அழுத்தினாள். திறந்துகொண்டது பழையது.

பெயர்ப் பெட்டியில் கர்சரை வைத்ததும் எல்லாம் தாமாக நிரம்பின. கணவனின் பெயர். அவன் பிறந்த தேதி. வயது 46.

பழைய பிரவுசர் பழைய விவரத்தை நினைவில் வைத்திருக்கும், அது பெரிய விஷயமில்லை. வயதுதான் அவளை உலுக்கியது. அதைக் கணக்கிடும் வரியை எழுதியவள் அவளே. நாற்பத்துநாலில் நின்றுபோனவனுக்கு அவள் கையாலேயே இரண்டு வயது கூடியிருந்தது.

அமைப்பை மாற்றினாள், லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே. கருவியைச் செய்தவர்களுக்கு எழுதினாள். உங்கள் விருப்பத்தைக் கருவி சில சமயம் மதிப்பதில்லை, தெரிந்த குறைதான், அடுத்த பதிப்பில் சரியாகும் என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பும் வந்தது. அவனும் வந்தான். வேறு வழியில்லாமல், ஒவ்வொரு முறையும் அதை மூடிவிட்டு, பக்கத்தின் முகவரியைப் புதிய பிரவுசரில் ஒட்டி வேலையைப் பார்த்தாள்.

நாத்தனார் செருப்புக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். வீட்டுக்கு வந்ததும் அண்ணியின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள்.

"அண்ணன் வந்துட்டாரா?"

"வாயைக் கழுவுடி."

"வேண்டாம்னா கேக்கற ஆளா அவரு? கல்யாணத்துக்கே நீங்க எத்தனை தடவை வேண்டாம்னீங்க!"

அண்ணி சிரித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை. திரையில் இருந்த பெயரை உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

செய்து காட்டும் நாளில் நாத்தனார் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். ஒலிபெருக்கி நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்க, கூடத்தில் நோயாளிகளோடு உட்கார்ந்தாள். உள்ளே அண்ணி பட்டனை அழுத்தினாள். பழையது திறந்தது. பதற்றத்தில் அதை மூட மறந்து பெயர்ப் பெட்டியைத் தொட்டுவிட்டாள்.

"பரவாயில்லையே, தானாவே நிரப்பிக்குதே!" என்ற டாக்டரின் மனைவி, அண்ணி தடுப்பதற்குள் கை நீட்டி 'அனுப்பு' பட்டனை அழுத்திவிட்டார்.

கூடத்தில் மணி அடித்தது. ஒரு பெண்குரல் நிதானமாக அவன் பெயரைச் சொன்னது. "வயது நாற்பத்தாறு. இரண்டாம் அறைக்கு வரவும்."

தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழவில்லை. இரண்டாம் அறையின் உதவியாளர் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். கண்ணாடித் தடுப்பின் வழியாக அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடியில் உட்கார்ந்திருந்த நாத்தனார், பக்கத்துக் காலி நாற்காலியை ஒருமுறை பார்த்தாள். பிறகு, யாரோ கடந்துபோக வழிவிடுவதுபோல் முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டாள்.

"இதோ, வர்றாரு" என்றாள்.

"ஆள் எங்கே?" என்றார் டாக்டரின் மனைவி.

குரல் மறுபடி கூப்பிட்டது. 'பார்த்தாயிற்று' அல்லது 'வரவில்லை' என்று யாராவது அழுத்தும்வரை விடாமல் கூப்பிடும்படி எழுதியவளும் அண்ணிதான். இன்னொரு முறை அந்தப் பெயரைக் கேட்டாள். 'வரவில்லை' என்பதை அழுத்தினாள்.

உதவியாளர் கதவை மூடினார்.

"நல்லா கணீர்னு இருக்கு. மத்த கிளைகளுக்கும் போட்டுடுங்க" என்றார் டாக்டரின் மனைவி.

வேலை கிடைத்துவிட்டது. பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். இறங்கி வீட்டுப் பக்கம் நடக்கும்போது நாத்தனார் சொன்னாள். "அதை அழிச்சுடுங்க அண்ணி."

"நீயா சொல்றே?"

"கூப்பிட்டதும் எழுந்துட்டாரு. நீங்க வரலைன்னு அழுத்தினப்ப பாதி வழியில நின்னாரு. இன்னொரு தடவை அப்படிக் கூப்பிட வேண்டாம்."

எப்போதும் தெருமுனைவரை கேட்கும் அந்தத் தொண்டை அன்று பக்கத்தில் நடந்த அண்ணிக்கே சரியாகக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதை அழித்தாள்.

சில வாரம் கழித்து, அடுத்த கிளைக்கான பக்கத்தை ஓட்டிப் பார்த்தாள். கருவி எதையோ தேடுவதுபோல் கொஞ்சம் தயங்கியது. பிறகு புதிய பிரவுசரைத் திறந்தது. எல்லாப் பெட்டிகளும் காலி. அண்ணி நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தாள்.

"பால் பொங்குதா பாரு" என்று நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டே பெயர்ப் பெட்டியில் வாய்க்கு வந்த ஒரு பெயரைப் போட்டாள். தேதியையும் தட்டினாள். வயதுப் பெட்டி நிரம்பியது.

47.

அண்ணி தேதியைப் பார்த்தாள். அவள் விரல்கள் தட்டியதுதான், அவன் பிறந்த தேதி.

அடுப்பை அணைத்துவிட்டு வந்த நாத்தனார் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆமாம்ல" என்றாள் மெதுவாக. "நேத்துதானே அவருக்குப் பிறந்தநாள்."