சுவருக்கு இரண்டு பக்கமும்

அந்த பிளாஸ்டிக் வாளி கம்பெனியில் மெக்கானிக்கை எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷின்மேல் காதை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சேர்ந்து இருபத்திரண்டு வருஷம்.

முதலாளி நடமாடியவரை சத்தம் போட ஒரே ஆள்தான் இருந்தார். அவர் படுத்த படுக்கையானதும் மகன்கள் இருவரும் வந்தார்கள். பெரியவர் காலையில் நீல வாளி ஓட்டச் சொல்வார். மெஷின் சூடேறும் நேரத்தில் சின்னவர் வந்து, "யாரைக் கேட்டு நீலம் போட்டீங்க? நான் சிவப்புக்கு ஆர்டர் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று குதிப்பார். வாளிகள் கன்றிப்போன காயத்தின் நிறத்தில் வந்து விழும். அவற்றை அரவை மெஷினில் போட்டுத் திரும்பத் தூளாக்குவதிலேயே டாக்டருக்குப் பாதி நாள் போய்விடும். எண்ணெய் கசிகிறது என்று அவர் எழுதிக் கொடுத்த தாள் மட்டும் இரண்டு மேஜைகளுக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தது.

அப்பா கண்ணை மூடிய மூன்றாம் மாதம் பாகம் பிரித்தார்கள். ஷெட்டின் நடுவே சுவர் எழுந்தது. வாளி வார்க்கும் மெஷின்கள் பெரியவருக்கு. அரவை மெஷினும், அச்சைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பும் சின்னவருக்கு. இப்படிப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஓடாது என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

"நீங்க அவன் ஆளு, அப்படித்தான் சொல்வீங்க" என்றார் பெரியவர்.

"அண்ணன் சொல்லி அனுப்பினாரா?" என்றார் சின்னவர்.

கடைசியில் டாக்டரையும் பிரித்தார்கள். காலையில் பெரியவர் பக்கம், மத்தியானத்துக்கு மேல் சின்னவர் பக்கம்.

ஒரு நாள் பிற்பகல், ஏதோ வாய்த்தகராறில் சின்னவர் பம்பை நிறுத்திவிட்டார். டாக்டர் கெஞ்சியும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் வாளி அச்சோடு ஒட்டிக்கொண்டது. பெரியவர் பொறுமையில்லாமல் கடப்பாரையால் நெம்பச் சொன்னார். அச்சு விரிசல் விட்டு உதவாமல் போனது.

"அப்பா உங்களை வீட்டு மனுஷனா வச்சிருந்தாரு. கூட நின்னு பம்பை நிறுத்திட்டீங்களே!" என்று டாக்டர்மேல் பாய்ந்தார் பெரியவர்.

"தம்பி, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்..."

"தம்பியா? தம்பி சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கான். அங்கேயே போயிடுங்க."

போனார். வாளியே வராதபோது அரைக்க என்ன இருக்கிறது? இரண்டே வாரத்தில் சின்னவரும் கையை விரித்துவிட்டார்.

வேறு கம்பெனியில் வயதைக் கேட்டார்கள். "எங்க மெஷின்ல என்ன கோளாறுன்னு கம்ப்யூட்டரே சொல்லிடும், அண்ணே" என்று மரியாதையாக அனுப்பிவைத்தார்கள்.

"ரெண்டு பேரையும் நாலு வார்த்தை கேட்டுட்டாவது வந்திருக்கலாமே" என்றாள் மனைவி.

"கேட்டா மட்டும்?" என்றார்.

இப்போது ஒரு துணிக்கடை லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எந்த மாடி என்று கேட்பதற்குள் ஏறுகிறவர்கள் தாங்களே பட்டனை அழுத்திவிடுகிறார்கள்.